ட்ரீனாவின் சாட்சி

பெண்கள் சிறை
ஜூன் 9, 2024

அன்புள்ள டார்லா அக்காவுக்கு,

ட்ரீனா எழுதுகிறேன். கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர உடம்பில் மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அது தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு ஊரார் துணியைத் துவைத்துக்கொண்டிருக்கிறேன். உன் முழங்கால் எப்படி? வெர்லின் அத்தானுக்கு இடுப்பு வலி குறைந்ததா?

ஈஸ்டருக்கு ரேலினைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு என் பெண்ணின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் எழுதுவதும் நின்றுபோயிற்று. பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஜெயிலில் இருக்கும் அம்மாவைவிட ஆயிரம் வேலை இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பதினெட்டு முடியாத பிள்ளையைப் பெரியவர் யாராவது கூட்டி வந்தால்தான் இங்கே உள்ளே விடுவார்கள். அவளுக்கு அந்தப் பெரியவர் நீ ஒருத்திதான். போனில் பேசலாம் என்றால், சிறையிலிருந்து வரும் அழைப்பு வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். உன் வீடு, உன் போன், நான் என்ன சொல்ல?

போன வாரம் சாப்பாட்டுக் கூடத்து டிவியில் உன்னைக் காட்டினார்கள். கருக்கலைப்பு உரிமையைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று நம் மாநிலத்தில் நவம்பரில் வாக்கெடுப்பு வருகிறதே, அதற்கு ‘வேண்டாம்’ போடச் சொல்லும் அட்டையைப் பிடித்துக்கொண்டு, தலையை ஏற்றிச் சீவி, மந்திரி தோரணையில் நின்றாய். பக்கத்தில் இருந்தவள், “யாருடி அது, உன் மூக்கை வெச்சிருக்கா?” என்றாள். “எங்க அக்கா. ஊர்ல இருக்கிற புள்ளைங்களையெல்லாம் காப்பாத்துறா” என்றேன். “அப்ப உன்னை மட்டும் ஏன் விட்டுட்டா?” என்று கேட்டாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன், கோபித்துக்கொள்ளாதே.

மார்ச்சில் என்னை வெளியே விடலாம் என்கிறார்கள். போய் இருப்பதற்கு ஒரு வீட்டு முகவரி கொடுக்க வேண்டும். உன் வீட்டைத்தான் கொடுத்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் வெர்லின் அத்தானின் துப்பாக்கிகள் இருக்கும் அறை போதும். ஓ, துப்பாக்கி இருந்தால் எனக்கு அனுமதி கிடையாது. அவற்றை மட்டும் மேலே கொண்டுபோய்விடச் சொல்.

அதெல்லாம் பிறகு. இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. ரேலினை ஒரு தடவை என் கண்ணில் காட்டு.

உன் தங்கை,
ட்ரீனா


வெல்டன்
ஜூலை 14, 2024

கர்த்தருக்குள் அன்பான தங்கை ட்ரீனாவுக்கு,

அவருடைய கிருபையால் நாங்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறோம். உன் பல்லுக்காக ஜெபக் குழுவில் சொல்லியிருக்கிறேன். அத்தான் வயல் ஓரமெல்லாம் அட்டை நட்டு நட்டு இடுப்பை மறுபடி பிடித்துக்கொண்டார். “தேர்தல் முடியறதுக்குள்ள என்னையும் நட்டுடுவ போலிருக்கு” என்கிறார்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். ‘வேண்டாம்’ பிரசாரத்துக்கு நம் கவுண்டியின் எல்லா ஊர்களுக்கும் என்னைத் தலைவியாகப் போட்டுவிட்டார்கள். அன்னையர் தினத்தில் சபையில் எல்லார் கையிலும் காலிப் பால்புட்டி கொடுத்தோமா, தந்தையர் தினத்துக்குள் சில்லறை நிரப்பித் திருப்பித் தந்தார்கள். எல்லாம் நம் ஊர்க் கர்ப்பிணி உதவி மையத்துக்கு. இன்னும் கண்காட்சிக் கடை வேறு இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரி ஒருத்தி மளிகைக் கடையில் வழி மறித்து, “தடையை வெச்சுக்கிட்டா அந்தப் பொண்ணுங்களுக்கு அப்புறம் சோறு யார் போடுவா?” என்று கேட்டாள். “நாங்க போடுவோம். புள்ளையைப் பெத்துக்கட்டும், மிச்சத்தை எங்ககிட்ட விடட்டும்” என்றேன். இப்போது எல்லா மேடையிலும் அதையே சொல்கிறேன்.

ஆனால் ஜனங்களுக்குப் பேச்சைவிடச் சாட்சிதான் பிடிக்கிறது. பக்கத்துக் கவுண்டியில் ஒரு பெண் எழுந்து நின்று, கலைக்கப் போய்த் திரும்பி வந்த கதையைச் சொன்னாளாம், ஆண்கள்கூட அழுதார்களாம். நம் கவுண்டியில் அப்படி யாரும் அகப்படவில்லை. அப்போதுதான் கர்த்தர் உன்னை என் நினைவுக்குக் கொண்டுவந்தார். ரேலின் வயிற்றில் இருந்தபோது நீ எவ்வளவு தடுமாறினாய், யார் உன்னைப் பிடித்து நிறுத்தினார்கள், இதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு உன் கையால் எழுதிக் கொடேன். பெயர் வேண்டாம். சிறையில் இருக்கும் ஒரு தாய் என்றாலே உருக்கமாக இருக்கும்.

பள்ளி திறப்பதற்குள் ரேலினைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கீழ் அறை விஷயமாக அத்தானிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். உன் சாட்சியைப் படித்தால் அவர் மனமும் இளகும் என்று நம்புகிறேன்.

ஜெபத்துடன்,
டார்லா


பெண்கள் சிறை
ஜூலை 22, 2024

டார்லா அக்காவுக்கு,

நான் இருக்கிறேன், பல்லும் இருக்கிறது. ஜெபக் குழுவிடம் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொல்.

நான் தடுமாறினேனா? அப்பாவின் ட்ரக்கில் என்னை ஏற்றி உட்காரவைத்து, “அப்பா காதுக்குப் போறதுக்குள்ள முடிச்சிடு. நான் ஓட்டிட்டுப் போறேன், ஒருத்தருக்கும் தெரியாது” என்று சூ ஃபால்ஸ் க்ளினிக் வாசல் வரைக்கும் கொண்டுபோனது யார்? கதவைத் திறந்துகொண்டு ஓடி, பெட்ரோல் பங்க் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டது யார்? நீ கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போயிற்று. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்தப் பிள்ளை எனக்கு வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. நான் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான் அக்கா. அதையும் உனக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன், இத்துடன் இருக்கிறது. படித்துப் பார்த்துக்கொள், நீ கேட்ட மாதிரிதான் வந்திருக்கிறது:

“எனக்கு அந்தக் குழந்தை வேண்டாம். அதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை. க்ளினிக் வாசலில் என் அக்கா வழியை மறித்து நின்றாள். ‘உனக்கு இப்ப வேண்டாம்னு தோணும். பெத்துப் பாரு, தானா வேணும்னு தோணும்’ என்றாள். நான் அவளை அடித்தேன், அவள் நகரவில்லை. பெற்றேன். அவள் சொன்னபடியே ஆயிற்று. சிறையில் இருக்கும் எனக்கு இன்று மிச்சம் இருப்பது அந்த மகள் ஒருத்திதான்.”

கடைசி வரி மட்டும் நிஜம்.

ரேலின் காதில் இது விழவே கூடாது. அவள் இல்லாத இடத்தில் படி, அவள் கண்ணில் படாமல் வை. இரண்டுக்கும் நீ சம்மதித்தால்தான் இதைத் தொடலாம். தொட்டால் அவளைக் கூட்டி வர வேண்டும். ஞாயிறு வந்தாலும் சரி, புதன் வந்தாலும் சரி, நான் எங்கேயும் போய்விடப் போவதில்லை.

ட்ரீனா


வெல்டன்
ஆகஸ்ட் 26, 2024

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று விசுவாசிக்கிறேன்.

என்னவென்று சொல்ல ட்ரீனா, சபைச் சாப்பாடு முடிந்ததும் உன் சாட்சியை நானே நின்று படித்தேன். நனையாத கண் ஒன்றுகூட இல்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சூ ஃபால்ஸிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி, நம் பிரசாரத்துக்கு அள்ளிக் கொடுப்பவர்கள், பிள்ளையில்லாதவர்கள், அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இப்போது மற்ற சபைகளிலும் கேட்கிறார்கள். நகல் எடுத்து மாளவில்லை.

ரேலின் முன்வரிசையில்தான் இருந்தாள். எழுந்து போகச் சொல்ல வாய்ப்பு அமையவில்லை. நல்ல பெண், அசையாமல் கேட்டாள். தவறாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. சாயங்காலம், “அது எங்கம்மாதானே?” என்று மட்டும் கேட்டாள். நான் எப்படிப் பொய் சொல்வேன்?

கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னேன், மறக்கவில்லை. அவளுக்குக் கொஞ்ச நாளாகச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் காரில் ஏறினாலே குமட்டுகிறது. அவ்வளவு தூரம் உட்கார முடியாது. நவம்பர் போகட்டும், எல்லாம் நிதானமாகச் செய்யலாம்.

ஜெபத்துடன்,
டார்லா


பெண்கள் சிறை
செப்டம்பர் 2, 2024

டார்லா,

என் சுகத்தைப் பற்றி நீ கேட்க வேண்டாம்.

காலையில் குமட்டுகிறதா? நான் பிள்ளை பெற்றவள் என்பதை மறந்துவிட்டாயா? அவளுக்கு எத்தனை மாதம்? நேராகச் சொல். யார் அந்தப் பையன், இருக்கிறானா, ஓடிவிட்டானா? அவள் என்ன சொல்கிறாள்? அவளுக்கு வேண்டுமா, வேண்டாமா? அவளை யாராவது கேட்டீர்களா? வேண்டும் என்றால் அவள் இஷ்டம். வேண்டாம் என்றால் மாநில எல்லையைத் தாண்டினால் மின்னசோட்டா. அங்கே சட்டம் வேறு. இங்கே ஒருத்தியிடம் அதற்கு வண்டி அனுப்புகிறவர்களின் நம்பர் இருக்கிறது. ரேலினுக்கே தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், அதில் எழுதியிருக்கிறேன். அதை அவள் கையில் கொடு. உன் கொள்கையை நீயே வைத்துக்கொள், கடிதத்தை மட்டும் கொடு.

அவள் முன்னாலேயா படித்தாய்? அப்படி ஒரு சமயத்தில், வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் முன்னால், அவள் அம்மாவுக்கு அவள் வேண்டாம் என்று மைக் வைத்துப் படித்தாயா? நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

உடனே பதில் போடு.

ட்ரீனா


பெண்கள் சிறை
அக்டோபர் 13, 2024

அக்காவுக்கு,

கோபத்தில் எழுதிவிட்டேன். உன்னை வெறும் பெயர் சொல்லி எழுதியதற்கு மன்னித்துக்கொள். பதில் வரவில்லை. ரேலினிடமிருந்தும் வரவில்லை. என் கடிதத்தைக் கொடுத்தாயா?

நேற்று சாயங்காலச் செய்தியில் ஊர்வலத்தைக் காட்டினார்கள். இங்கே ஒருத்தி கத்தினாள், “ட்ரீனா, ஓடியாடி, உன் மக டிவில.” நான் சோப்புக் கையோடு ஓடினேன். உன் பக்கத்தில் நின்றாள். கோட்டுப் பொத்தான் போட முடியவில்லை. கையில் அட்டை. ‘என்னைக் கொல்லாத அம்மாவுக்கு நன்றி’. நல்ல எழுத்து, உன் எழுத்துத்தான். அவள் காமிராவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே எல்லாரும் கைதட்டினார்கள். “எவ்வளவு நல்ல பொண்ணு, நன்றி சொல்லுது பாரு” என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அவள் நன்றாகச் சாப்பிடுகிறாளா? அதையாவது சொல்.

ட்ரீனா


வெல்டன்
நவம்பர் 17, 2024

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

ஸ்தோத்திரம். தோற்கடித்துவிட்டோம். நம் கவுண்டியில் எவ்வளவு வித்தியாசம் என்று நீ பேப்பரில் பார்த்திருப்பாய். ஃபெசன்ட் பறவை வேட்டை தொடங்குகிற அன்று வேட்டைக்காரர்கள் எல்லாருக்கும் சபையில் காலைச் சாப்பாடு போட்டோம், தட்டுக்கு ஒரு துண்டுத்தாள் வைத்தோம், அதில் உன் சாட்சி. ஆண்கள் பான்கேக்கைத் தின்றுகொண்டே படித்தார்கள். இந்த வெற்றியில் உனக்கும் பங்கு உண்டு என்று போதகரே சொன்னார்.

உன் கேள்விகளுக்கு இப்போது பதில் சொல்லலாம். அப்போது சொல்லியிருந்தால் நீ அங்கிருந்துகொண்டு எதையாவது கிளப்பியிருப்பாய், உனக்கே தெரியும். ரேலினுக்கு ஐந்தாம் மாதம். மார்ச் கடைசியில் பிரசவம் ஆகும். பையன் வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான், அவன் பேச்சு வேண்டாம். நீ அவளுக்கு எழுதியது என்னிடம்தான் இருக்கிறது. அந்த மாதிரி நம்பரை ஒரு குழந்தை கையில் கொடுக்க என் மனசாட்சி இடம் தரவில்லை.

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. இது அவளே எடுத்த முடிவு. உன் சாட்சியைக் கேட்ட அன்று இரவு என்னிடம் வந்து, “நான் பெத்துக்கிறேன் பெரியம்மா. அம்மாவுக்கு அப்புறம் வேணும்னு ஆச்சுல்ல, எனக்கும் ஆகும்” என்றாள். உன் வார்த்தைதான் ஒரு உயிரைக் காப்பாற்றியது ட்ரீனா. நீ சந்தோஷப்பட வேண்டும்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு அவளுக்குச் சபையில் வளைகாப்பு மாதிரி பெரிதாகச் செய்தோம். தொட்டில், கார் இருக்கை, தள்ளுவண்டி, டயப்பரை அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய ஒரு கேக். நிஜக் கேக்குக்கு நான் பீச் பழம் வைத்துக் கூகன் சுட்டேன். டிவிக்காரர்கள் வந்து எடுத்தார்கள். உதவி மையத்தில் வகுப்புக்கும் போகிறாள். உட்கார்ந்து வீடியோ பார்த்தால் புள்ளி தருவார்கள், புள்ளிக்குத் தக்கபடி டயப்பர், பால்பொடி. எதையும் சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது அல்லவா? அவளுக்கு ஒரு குறையும் வராது. நாங்கள் இருக்கிறோம்.

ஜெபத்துடன்,
டார்லா


பெண்கள் சிறை
டிசம்பர் 1, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நீ என்னை விட்டுவிடுவாய். நீ விட்டுவிட்டால் எனக்கு அவளிடம் போக வேறு வழி இல்லை. அதனால் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன். நீயும் அத்தானும் சுகமா? எனக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், அந்தத் தொல்லை விட்டது.

நடந்தது நடந்துவிட்டது. இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். அவளுக்கு மார்ச் கடைசி என்றால் எனக்கும் மார்ச்தான். நான் வந்துவிடுவேன். பகலில் குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் பள்ளியை முடிக்கட்டும். இரவில் நான் ஏதாவது வேலைக்குப் போகிறேன். உனக்கு ஒரு பாரமும் இல்லை. நீங்கள் அவளுக்குச் செய்ததற்கெல்லாம் நான் காலம் முழுவதும் உங்கள் வீட்டுத் துணியைத் துவைக்கிறேன், அதுதான் இங்கே நன்றாகப் பழகியிருக்கிறேன்.

முகவரியைச் சரிபார்க்க அதிகாரி உன் வீட்டுக்குப் போன் செய்வார். ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தச் ‘சரி’ இல்லாவிட்டால் என் தேதி தள்ளிப்போய்விடும். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ரேலினை ஒரு வரி எழுதச் சொல்.

உன் தங்கை,
ட்ரீனா


வெல்டன்
பிப்ரவரி 9, 2025

தங்கைக்கு,

நாங்கள் நலம். குளிர் கடுமையாக இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அதிகாரி போன் செய்தார். யோசித்துத்தான் ‘முடியாது’ என்று சொன்னேன். அத்தானுக்கு வேட்டைத் துப்பாக்கிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? மேலும் நான் இப்போது மாநிலக் குழுவில் இருக்கிறேன், வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். ஜெயிலிலிருந்து எழுதிய தாய் என்றால் உருகுவார்கள், அதே தாய் கதவைத் திறந்துவிட்டால் சங்கடப்படுவார்கள். நீ புரிந்துகொள்வாய்.

ரேலின் இப்போது எங்களோடு இல்லை. தொட்டதற்கெல்லாம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தால் எத்தனை நாள் தாங்க முடியும்? மைய வகுப்புக்கும் சரியாகப் போகவில்லை. புள்ளி சேரவில்லை. அப்படிப்பட்டவளுக்குத் தொட்டிலும் வண்டியும் கொடுத்தால் ஒழுங்காக வருகிற பெண்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் அவற்றை மையத்தில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தொட்டிலைத் தெருப்பக்கத்துக் கண்ணாடி ஜன்னலில் வைத்திருக்கிறோம், பார்க்க லட்சணமாக இருக்கிறது. தேர்தல் முடிந்ததும் கொடையும் குறைந்துவிட்டது. மையம் இப்போது செவ்வாய்க்கிழமை மட்டும்தான் திறக்கிறது. பிள்ளை பெற்ற ஏழைப் பெண்களுக்கு அரசு பணம் தரட்டும் என்று ஒரு மசோதாவுக்கு என்னிடம் ஆதரவு கேட்டு வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. குடும்பம் பார்க்க வேண்டியதைக் குடும்பம்தான் பார்க்க வேண்டும்.

அவள் நெடுஞ்சாலை மோட்டலில் அறை துடைக்கிறாள், அங்கேயே தங்கியிருக்கிறாள். நான் சொன்னேனே, சூ ஃபால்ஸ் தம்பதி, அவர்கள் குழந்தையை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். தங்கமான மனிதர்கள். இவள்தான் பிடிவாதமாக ‘மாட்டேன்’ என்கிறாள். நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள். உன் வார்த்தைக்கு அவள் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறாள் என்று பார்த்தோமே. மோட்டல் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

டார்லா


பெண்கள் சிறை
பிப்ரவரி 16, 2025

என் செல்லமே ரேலின்,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீங்குகிறதா? குனிந்து துடைக்காதே, நீளக் கட்டை போட்ட துடைப்பம் கேட்டு வாங்கு. வெந்நீரில் காலை வை.

மார்ச்சில் நான் வர முடியாது. உன் பெரியம்மா வீட்டை மறுத்துவிட்டாள். வேறு முகவரி தேடிக்கொண்டிருக்கிறேன். எத்தனை மாதம் ஆகும் என்று இவர்கள் சொல்வதில்லை. ஆனால் வருவேன். யார் கேட்டாலும் குழந்தையைக் கொடுக்காதே. என்னால் உன்னிடம் வேறெதுவும் சொல்ல முடியாது, இதை மட்டும் கேள்.

சபையில் படித்தது பொய். முழுப் பொய். நீ வேண்டாம் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. உன் பெரியம்மாதான் என்னை அந்த க்ளினிக்குக் கொண்டுபோனாள், நான்தான் தப்பி ஓடினேன். கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எவள் வந்தாலும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஒரு பட்டாணி அளவு இருந்திருப்பாய். அப்போதே எனக்கு நீ வேண்டும். முதல் நாளிலிருந்தே வேண்டும். உன்னைக் கூட்டி வருவேன் என்று அவள் சொன்னாள், அதற்காக அப்படி எழுதிக் கொடுத்தேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அம்மாவை மன்னித்துவிடு.

இதைப் படித்தாவது தெரிந்துகொள், நீ வேண்டாத பிள்ளை இல்லை. பதில் போடு. ஒரு வரி போதும்.

உன் அம்மா


வெல்டன்
ஏப்ரல் 20, 2025

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. மறுபடி அறை துடைக்கப் போகிறேன்.

மார்ச் கடைசியில் பிறந்தது. பெண். சூ ஃபால்ஸ்காரர்களிடம் கொடுத்துவிட்டேன். நீதிபதி, “உன் இஷ்டப்படிதானேம்மா கொடுக்கிற?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீ காரணம் கேட்பாய் என்பதால் எழுதுகிறேன். பெரியம்மாவுக்கு ஆகஸ்டிலேயே தெரியும். நான்தான் சொன்னேன். ஒரு சிநேகிதி திங்கட்கிழமை என்னைக் காரில் மின்னசோட்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா உன் சாட்சியைப் படித்தார். முதலில் உன்மேல் வெறுப்பாக வந்தது. அப்புறம், பரவாயில்லை, அம்மாவும் என்னை மாதிரிதான் இருந்திருக்கிறாள் என்று தோன்றியது. உனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது, பிறகு வேண்டும் என்று ஆனது, என்னை வளர்த்தாய். எனக்கும் அப்படி ஆகிவிடும் என்று நினைத்து சிநேகிதியை வர வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு அது எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊர்வலத்தில் வரவில்லை. வளைகாப்பில் எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள், வரவில்லை. வகுப்பு வீடியோவில் சிரிக்கிற குழந்தைகளைக் காட்டினார்கள், அதனால்தான் போவதை நிறுத்தினேன். சூ ஃபால்ஸ் அம்மாள் மோட்டலுக்கே வந்து கேட்டார். “எங்கம்மாவுக்குக்கூட லேட்டாதான் வந்துச்சு, எனக்கும் வரும், கொடுக்க மாட்டேன்” என்று சொல்லி அனுப்பினேன். குழந்தை பிறந்தால் வந்துவிடும் என்று இருந்தேன்.

அப்போது உன் கடிதம் வந்தது. உனக்கு முதல் நாளிலிருந்தே வேண்டுமாம். அப்படியென்றால் வேண்டாம் என்று இருந்து வேண்டும் என்று ஆன ஆள் ஒருத்தரும் இல்லை. அந்தச் சாட்சியில் இருந்தவள் மட்டும்தான் என்னை மாதிரி இருந்தாள், அவளை நீயே இல்லை என்று சொல்லிவிட்டாய். அன்று சாயங்காலமே அந்த அம்மாளுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். நீ எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பார்த்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அதை என் மேல் வைத்தார்கள். கனமாக இருந்தது, சூடாக இருந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. உங்கள் சிறை ஆபீசுக்குப் போன் செய்து கேட்டேன். இனி யாரும் கூட்டி வர வேண்டாமாம், நான் தனியாகவே வந்து உன்னைப் பார்க்கலாமாம், எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

ரேலின்